நெட் ஓடும்போதே ‘நோ இன்டர்நெட்’ என்று காட்டும் விண்டோஸ்: எந்த வரிசையில் சரிபார்ப்பது

யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் வெப்பில் செய்தி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் டாஸ்க்பார் ஓரத்தில் வைஃபை சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் உலக உருண்டை ஒன்று நிற்கிறது, சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் ‘நோ இன்டர்நெட்’ என்கிறது. அவுட்லுக் மெயில் அனுப்ப மறுக்கிறது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கவே இல்லை. இந்த நிலைக்குத்தான் இந்த வழிகாட்டி. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும், மெனுப் பெயர்கள் மட்டும் சில இடங்களில் லேசாக மாறியிருக்கும்.

இந்தச் சிக்கலோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ‘நெட்வொர்க் ரீசெட்’ அழுத்திவிட்டுத்தான் வருகிறார்கள். வைஃபை பாஸ்வேர்டெல்லாம் அழிந்திருக்கும், ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் தனிவழி) காணாமல் போயிருக்கும், அந்த உருண்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதால் வரும் வினை இது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டளைகளையும் முகவரிகளையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன், கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. விண்டோஸ் எதைப் பார்த்து ‘இல்லை’ என்கிறது

இது தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், பின்னால் வருவதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. நெட்வொர்க்கில் இணைந்தவுடன் விண்டோஸ் தானாக ஒரு சிறிய சோதனை நடத்துகிறது. ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ டாட் எம்எஸ்எஃப்டிகனெக்ட்டெஸ்ட் டாட் காம்’ என்ற முகவரியில் ‘கனெக்ட்டெஸ்ட் டாட் டிஎக்ஸ்டி’ என்று ஒரு குட்டிக் கோப்பு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, உள்ளே ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. அதோடு ‘டிஎன்எஸ் டாட் எம்எஸ்எஃப்டிஎன்சிஎஸ்ஐ டாட் காம்’ என்ற பெயருக்கு 131.107.255.255 என்ற எண் விடையாக வருகிறதா என்பதையும் பார்க்கும்.

சோதனை தேறவில்லை என்றால் உருண்டை வந்துவிடும். மற்ற தளங்கள் திறக்கின்றனவா என்பது இந்தச் சோதனையில் சேராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கோப்பை விண்டோஸ் கேட்பது பூட்டில்லாத பழைய எச்டிடிபி வழியில், அதாவது 80ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது தரவு வந்துபோகும் வாசலின் எண்). நீங்கள் பார்க்கும் தளங்கள் ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ், 443ஆம் போர்ட். எதாவது ஒன்று 80ஐ மட்டும் மறித்தால் போதும், உங்களுக்கு எல்லாம் திறக்கும், விண்டோஸுக்கு மட்டும் நெட் இல்லை. அவுட்லுக், ஸ்டோர் போன்ற பல புரோகிராம்கள் தாங்களாக நெட்டைத் தேடிப் பார்ப்பதில்லை, விண்டோஸ் சொல்வதையே நம்பிவிடுகின்றன.

2. கை வைப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

அட்மின் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு, டேட்டா உள்ள ஒரு போன். போன் இரண்டு வேலைக்கு ஆகும்: ஹாட்ஸ்பாட் போட, திரையைப் படம் எடுக்க.

ஸ்டார்ட்டில் ‘சிஎம்டி’ என்று தட்டி கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து, ‘ஐபிகான்ஃபிக்’, ஓர் இடைவெளி, ‘/ஆல்’ என்று கொடுத்து, வருவதை முழுவதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் ஐபி முகவரியைக் கையால் போட்டு வைத்திருப்பார்கள், அது தெரியாமல் அழித்துவிட்டால் பிரிண்டரும் பில்லிங் சாஃப்ட்வேரும் சேர்ந்து நின்றுவிடும். வேலை கொடுத்த நிறுவனத்தின் லேப்டாப் என்றால் 4ஆம் படியோடு நிறுத்திக்கொண்டு, கண்டதை அவர்களுடைய ஐடி ஆட்களிடம் சொல்லுங்கள். அதற்குமேல் வருவதை அவர்களே வேண்டுமென்று அமைத்திருக்கக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பிறகு வைஃபையை அணைத்துப் போட்டு அரை நிமிடம் பொறுங்கள், இணையும்போது விண்டோஸ் மறுபடி சோதித்துப் பார்க்கும். ஐந்து மாற்றங்களை ஒரே மூச்சில் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த மாதம் அதே சிக்கல் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

3. செய்தி பொய்தானா என்று உறுதி செய்யுங்கள்

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்காமல் பார்த்துவிட்டு ‘போன்ல வருதே’ என்று சொல்கிறவர்கள் ஏராளம். வைஃபையில் நெட் இல்லை என்றால் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும்.

அடுத்து கம்ப்யூட்டரில், இதுவரை நீங்கள் போகாத ஒரு தளத்தைத் திறங்கள். தினமும் பார்க்கும் தளம் என்றால் பிரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கத்தைக் காட்டி ஏமாற்றலாம். அப்புறம் கமாண்ட் பிராம்ட்டில் ‘பிங் 8.8.8.8’ கொடுங்கள் (அந்த முகவரியைத் தட்டிப் பார்த்துப் பதில் வருகிறதா என்று சொல்லும் கட்டளை இது), பிறகு ‘பிங் கூகுள் டாட் காம்’.

இரண்டுக்கும் பதில் வந்தால் நெட் இருக்கிறது, செய்திதான் பொய். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாட்டில்; 6ஆம் படிக்குப் போகலாம். இரண்டுக்குமே பதில் இல்லை, தளமும் திறக்கவில்லை என்றால் விண்டோஸ் உண்மையைத்தான் சொல்கிறது. ரவுட்டரின் மின்சாரத்தை அரை நிமிடம் துண்டித்துப் போட்டுப் பாருங்கள், அதற்கும் வராவிட்டால் நெட் கொடுப்பவரைக் கூப்பிடுங்கள். சில ஆபீஸ்களில் பிங்கை மட்டும் மறித்திருப்பார்கள், ஆகவே தளம் திறந்து பிங் மட்டும் போகாவிட்டால் பயப்பட வேண்டாம்.

படம் எடுத்து வைத்ததில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? அப்படியென்றால் ரவுட்டர் இந்தக் கம்ப்யூட்டருக்கு முகவரியே தரவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, பிறகு ‘ஐபிகான்ஃபிக் /ரின்யூ’ கொடுங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம்: வைஃபையின் ‘ஸ்டேட்டஸ்’ ஜன்னலில் ஐபிவி4 வரியில் ‘இன்டர்நெட்’ என்றும், ஐபிவி6 வரியில் ‘நோ இன்டர்நெட் ஆக்சஸ்’ அல்லது ‘நோ நெட்வொர்க் ஆக்சஸ்’ என்றும் இருக்கும். ஐபிவி4 பழைய முகவரி முறை, ஐபிவி6 புதியது. இது கோளாறே இல்லை. ஐபிவி6 கொடுக்காத இணைப்புகளில் இப்படித்தான் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது ஐபிவி4 வரியை.

4. ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள், சோதனையைக் கையால் நடத்துங்கள்

ஒரே ஒரு படி செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கம்ப்யூட்டரை அதில் இணையுங்கள். உருண்டை மறைந்துவிட்டால் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ. ஹாட்ஸ்பாட்டிலும் உருண்டை நிற்கிறதென்றால் கோளாறு கம்ப்யூட்டருக்குள். இந்த இரண்டு நிமிட வேலை உங்கள் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பிறகு வீட்டு வைஃபைக்குத் திரும்பி, பிரவுசரில் 1ஆம் படியில் சொன்ன கோப்பின் முகவரியை முழுதாகத் தட்டுங்கள்: தளத்தின் பெயர், ஒரு ‘/’, கோப்பின் பெயர். தொடக்கத்தில் எச்டிடிபி மட்டும், எஸ் வேண்டாம். ‘பாதுகாப்பில்லாத தளம்’ என்று பிரவுசர் எச்சரித்தால் தொடரலாம்.

மூன்று சொற்கள் வெள்ளைப் பக்கத்தில் வந்தால் பாதை திறந்திருக்கிறது, விண்டோஸின் பழைய முடிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது சோதனையையே யாரோ அணைத்திருக்கிறார்கள். பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் வேறு பக்கம் வந்தால் அது விடுதி, கல்லூரி வைஃபைகளில் வரும் உள்நுழைவுப் பக்கம். நுழைந்தால் முடிந்தது. பக்கமே திறக்கவில்லை என்றால் வழியில் ஏதோ மறிக்கிறது.

இதோடு இன்னும் இரண்டு கட்டளைகள். ‘என்எஸ்லுக்அப்’ என்று தட்டி இடைவெளி விட்டு ‘டிஎன்எஸ் டாட் எம்எஸ்எஃப்டிஎன்சிஎஸ்ஐ டாட் காம்’ கொடுங்கள், 131.107.255.255 வர வேண்டும். அடுத்து அதே பெயருக்கு ‘பிங்’ கொடுங்கள். பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டாம், முதல் வரியில் எந்த எண் வருகிறது என்று மட்டும் பாருங்கள். கனெக்ட்டெஸ்ட் முகவரிக்கும் இதே இரண்டையும் செய்யுங்கள், அங்கே எண் இடத்துக்கு இடம் மாறும், ஏதோ ஒரு வழக்கமான எண் வந்தால் சரி. என்எஸ்லுக்அப் சரியாகச் சொல்லி, பிங்கில் 127.0.0.1 என்றோ பெயரே கிடைக்கவில்லை என்றோ வந்தால், கோளாறு பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், அதாவது எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் பட்டியலில். ஏனென்றால் பிங் அந்தக் கோப்பைப் பார்க்கும், என்எஸ்லுக்அப் பார்க்காது. நேராக 7ஆம் படி.

5. எளியவை: ரீஸ்டார்ட், விபிஎன், பிராக்ஸி, ஆன்டிவைரஸ்

ஸ்டார்ட் மெனுவில் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள், ‘ஷட் டவுன்’ வேண்டாம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருப்பதால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் உள்நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து மறுபடி அதையே எடுத்துக்கொள்ளும், ஒட்டியிருந்த கோளாறும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. ‘நாலு தடவை ஆஃப் பண்ணிப் போட்டேன்’ என்கிறவர்களுக்கு ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியானதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விபிஎன் இருந்தால் துண்டித்தால் மட்டும் போதாது, செயலியை முழுவதுமாக மூடுங்கள். பல விபிஎன்களில் இணைப்பு அறுந்தால் நெட்டையே மறிக்கும் ஒரு பூட்டு உண்டு, அதையும் அணையுங்கள். செயலியை எப்போதோ நீக்கியிருந்தாலும் அதன் போலி அடாப்டர் தங்கியிருக்கலாம்: கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, உங்கள் வைஃபையும் ஈதர்நெட்டும் தவிர வேறு எதுவும் இருந்தால் வலது கிளிக் செய்து ‘டிசேபிள்’ கொடுங்கள். நீக்க வேண்டாம். தவறென்றால் திரும்ப ‘எனேபிள்’ செய்துகொள்ளலாம்.

அடுத்து பிராக்ஸி, அதாவது நெட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகுக் கம்ப்யூட்டர். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிராக்ஸி என்று போங்கள். கையால் பிராக்ஸி போடும் இடம் அணைந்திருக்க வேண்டும், ‘ஆட்டோமேட்டிக்கலி டிடெக்ட் செட்டிங்ஸ்’ இயங்க வேண்டும். இங்கே சரியாக இருந்தாலும் விண்டோஸின் உள் வேலைகளுக்குத் தனியாக இன்னொரு பிராக்ஸி அமைப்பு உண்டு. ‘நெட்எஸ்எச் வின்எச்டிடிபி ஷோ பிராக்ஸி’ கொடுத்தால் ‘டைரக்ட் ஆக்சஸ்’ என்று வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் கமாண்ட் பிராம்ட்டை அட்மினாகத் திறந்து ‘ஷோ’ இருக்கும் இடத்தில் ‘ரீசெட்’ போட்டுக் கொடுங்கள்.

ஆன்டிவைரஸில் வலைத்தளங்களை வடிகட்டும் பகுதியைப் பத்து நிமிடத்துக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள். 80ஆம் போர்ட்டில் வருவதை நடுவில் பிடித்துப் பார்ப்பது அதுதான். சரியானால் அதன் விதிவிலக்குப் பட்டியலில் அந்த இரண்டு முகவரிகளையும் சேர்த்துவிட்டு மறுபடி இயக்குங்கள், அணைத்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

6. டிஎன்எஸ்

முதலில் ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’. கெட்டுப்போன பழைய விடைகள் இதில் போய்விடும்.

விண்டோஸின் டிஎன்எஸ் கெட்டிருந்தும் பிரவுசர் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ‘செக்யூர் டிஎன்எஸ்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது பிரவுசர் விண்டோஸைக் கேட்காமல் தனக்கென்று ஒரு வழியில் பெயர்களைத் தேடிக்கொள்கிறது. பிரவுசர் ஓடுவதை மட்டும் வைத்து டிஎன்எஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

வைஃபையின் பண்புகளில் டிஎன்எஸ் அமைப்பைத் திறந்து, கையால் ஏதாவது போட்டிருந்தால் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்றால் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போட்டுப் பாருங்கள். வீட்டில் விளம்பரத் தடுப்புக்காக பை-ஹோல், ஆட்கார்டு ஹோம் மாதிரி எதையாவது வைத்திருந்தால் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் போக வேண்டும். மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் போவதைத் தடுக்கும் பட்டியல்கள் சிலவற்றில் இந்தச் சோதனை முகவரிகளும் சேர்ந்துவிடுகின்றன. அனுமதிப் பட்டியலில் இரண்டையும் சேர்த்தால் போதும்.

7. ஹோஸ்ட்ஸ் கோப்பு

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ‘தம்பி, யூடியூப் ஓடுது, மெயில் மட்டும் போக மாட்டேங்குது’ என்று லேப்டாப்பைக் கொண்டுவந்தார். நெட் கொடுப்பவரை மூன்று நாள் அலைக்கழித்து, அவர்கள் வந்து ரவுட்டரையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹாட்ஸ்பாட்டில் போட்டேன், உருண்டை அசையவில்லை. ஆக, கம்ப்யூட்டருக்குள்தான். என்எஸ்லுக்அப் சரியான எண்ணைச் சொன்னது, பிங் பெயரே தெரியாது என்றது. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தால் வழக்கமான குறிப்பு வரிகளுக்குக் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள், ஒவ்வொன்றும் 0.0.0.0 (எங்கும் போய்ச் சேராத எண்) என்று தொடங்கி, பக்கத்தில் ஒரு மைக்ரோசாஃப்ட் முகவரி. உறவுக்காரப் பையன் ‘விண்டோஸ் வேவு பார்ப்பதைத் தடுக்கும்’ ஓர் இலவசப் புரோகிராமைப் போட்டுவிட்டிருக்கிறான். அதில் இரண்டே இரண்டு வரிகளை முடக்கினேன், வைஃபையை அணைத்துப் போட்டேன், காத்துக் கிடந்த மெயிலெல்லாம் போய்விட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: நோட்பேடை வலது கிளிக் செய்து அட்மினாகத் திறங்கள், இல்லையென்றால் சேமிக்க விடாது. ஃபைல் ஓப்பனில் சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று போங்கள். உள்ளே ஒன்றும் இல்லாதது போலத் தெரியும், கீழே ‘டெக்ஸ்ட்’ என்று இருப்பதை ‘ஆல் ஃபைல்ஸ்’ ஆக்கினால் ‘ஹோஸ்ட்ஸ்’ தெரியும். முதலில் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அப்புறம் எம்எஸ்எஃப்டி என்று வரும் வரிகளின் முன்னால் # போடுங்கள், அதன்பிறகு விண்டோஸ் அந்த வரியைக் கண்டுகொள்ளாது; அழிக்க வேண்டாம். சேமிக்கும்போது பெயரின் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் பழைய கோப்பு அப்படியே இருக்கும், நீங்கள் திருத்தியதை விண்டோஸ் திரும்பியும் பார்க்காது.

8. சோதனையையே அணைத்திருக்கிறார்களா

மேலே சொன்ன வகைப் புரோகிராம்கள் செய்யும் இன்னொரு வேலை இது. ஸ்டார்ட்டில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி) திறந்து எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், என்எல்ஏஎஸ்விசி, பாராமீட்டர்ஸ், இன்டர்நெட் என்று போங்கள். எதையும் தொடும் முன் அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ எடுத்து வையுங்கள். ‘எனேபிள்ஆக்டிவ்புரோபிங்’ என்பதன் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும், 0 என்றால் மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

‘உருண்டை போகணும்னா அதை 0 ஆக்கு’ என்று ஓர் ஆலோசனை வெகு நாளாகச் சுற்றுகிறது. கேட்காதீர்கள். சோதனை நின்றுவிட்டால் விண்டோஸ் போகிற வருகிற தரவை வைத்து ஊகிக்க ஆரம்பிக்கும், ஊகம் தவறினால் அவுட்லுக்கும் ஸ்டோரும் மறுபடி அடம்பிடிக்கும். விடுதி வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் தானாகத் திறப்பதும் நின்றுவிடலாம்.

இங்கே வந்தது வந்தோம், ஸ்டார்ட்டில் ‘சர்வீசஸ்’ திறந்து ‘நெட்வொர்க் லிஸ்ட் சர்வீஸ்’, ‘நெட்வொர்க் லொகேஷன் அவேர்னெஸ்’ இரண்டும் ‘டிசேபிள்டு’ என்று இல்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

9. டிரைவர்

லேப்டாப் தூங்கி எழுந்த பிறகு மட்டும் இந்தச் செய்தி வருகிறதா? டிவைஸ் மேனேஜரில் உங்கள் வைஃபை அடாப்டரின் பண்புகளைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்டேட் ஆனதற்கு மறுநாளிலிருந்து வருகிறது என்றால் அங்கேயே ‘ரோல் பேக் டிரைவர்’. டிரைவரை நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு இறக்குவதற்கு அந்தக் கம்ப்யூட்டரில் நெட் இருக்காது.

10. கடைசியாக, ரீசெட்

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் மட்டும். கமாண்ட் பிராம்ட்டை அட்மினாகத் திறந்து ‘நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட்’, பிறகு ‘நெட்எஸ்எச் இன்ட் ஐபி ரீசெட்’, பிறகு ரீஸ்டார்ட். இரண்டாவது கட்டளை கையால் போட்ட ஐபியை அழித்துவிடும், நீங்கள் எடுத்து வைத்த படம் இப்போது உதவும்.

அதற்கும் சரியாகாவிட்டால் செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ போய் ‘நெட்வொர்க் ரீசெட்’. அடாப்டர்களை எல்லாம் நீக்கி மறுபடி நிறுவும், வைஃபை பாஸ்வேர்டுகளை மறந்துவிடும், விபிஎன்னைத் திரும்பப் போட வேண்டிவரும். ஐந்து நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும், அதற்குள் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிடுங்கள்.

11. உருண்டை போய்விட்டது, மெயில் மட்டும் இன்னும் போகவில்லை என்றால்

அவுட்லுக்கில் ‘சென்ட்/ரிசீவ்’ பக்கத்தில் ‘வொர்க் ஆஃப்லைன்’ பொத்தான் அழுந்தியிருக்கிறதா பாருங்கள். தடுமாற்றத்தில் யாராவது அதை அழுத்திவிட்டிருப்பார்கள், நெட் சரியான பிறகும் அது தானாக எழாது. அழுந்தியிருந்தால் ஒருமுறை அழுத்தி விடுவியுங்கள், அவுட்லுக்கை மூடித் திறந்து, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி அது வந்து சேருகிறதா என்று பாருங்கள்.